விரலும் குரலும்

1992ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே அமெரிக்காவில் ஓர் இசைத்தொகுப்பு வெளியாயிற்று. ‘இமேஜஸ் அன்ட் வேர்ட்ஸ்’ என்பது அதன் பெயர். படிமங்களும் சொற்களும் என்று பொருள் கொள்ளலாம். ஆக்கியோர் ‘ட்றீம் தியேட்டர்’ என்னும் ஐவர் குழுவினர். அத்தொகுப்பின் முதற் பாட்டான ‘புல் மீ அண்டர்’ எட்டு நிமிடத்துக்கு மேல் நீள்வது. மூன்று நான்கு நிமிடப் பாட்டுகளையே விரும்பி ஒலிபரப்பி வந்த அந்நாட்டு வானொலி நிலையங்கள் வியப்புக்குரிய வகையில் இப்பாட்டை ஏற்றுக்கொண்டன. தொலைக்காட்சியிலும் அது இடம்பெற்றது. றொக் இசைக்குரிய வானொலித் தரவரிசையிலே பத்தாம் இடத்தையும் எட்டிற்று. அதன் பின்னர் அக்குழுவினர் எத்தனையோ தொகுப்புகளை வெளியிட்டும், வானொலியில் அத்தகைய வெற்றி வேறெந்தப் பாட்டுக்கும் வாய்க்கவில்லை. 2008ஆம் ஆண்டில் தம் பாட்டுகளைத் திரட்டி வெளியிட்டபோது, ‘பெரும் வெற்றிப் பாடல்கள்’ என்று பன்மையிலே பெயரிடும் வழக்கத்தை விடுத்து, ‘பெரும் வெற்றிப் பாடல் ஒன்றும், பரவாயில்லை என்னத்தக்க வேறு இருபத்தொன்றும்’ என்ற கருத்துப்படப் பெயரிட்டுத் தம்மைத் தாமே எள்ளி நகைத்துக்கொண்டனர்.

இவர்களின் கைத்திறனைப் பற்றி எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. கிற்றார் கற்போரும் மேளம் பயில்வோரும் இவர்களைக் குருவாகக் கொண்டு வழிபட்டனர். ஐயமெல்லாம் வேறொன்றைப் பற்றியதே. இவர்களுக்கு வாசிக்கத் தெரியும்; பாட்டுக் கட்டத் தெரியுமா? இவ்வினாவை விமரிசகர் எழுப்பினர், இரசிகர் எழுப்பினர், இசைத்தட்டு நிறுவனத்தார் எழுப்பினர். குழுவினர் தமக்குள்ளும் இதுபற்றி வாதிட்டனர். ஒரு கட்டத்தில் குழுவின் தூண் போன்ற ஒருவர் விலகிவிடவும் எண்ணினார். அந்த வழக்கின் வரலாற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இவர்கள் இசைக்கும் வகைக்குப் ‘புறோகிறெசிவ் மெற்றல்’ என்று பெயர். முற்போக்கு மெற்றல் என்று சொல்லிவிடலாம். ஆனால் முற்போக்கு என்றதும் நம் நாட்டு நேயர்களுக்கு எழுத்தாளர் சங்கமும் மேதின ஊர்வலமும் நினைவுக்கு வருதல் கூடும். இங்கே அப்பொருள் இல்லை. மெற்றல் என்பது 1970ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் பேமிங்ஹாம் நகரத்து ‘பிளாக் சபத்’ குழுவினர் தொடக்கிவைத்த வல்லிசை. மின்கிற்றாரின் உறுமலே அதன் அடிப்படை. புறோகிறெசிவ் என்ற அடைமொழி அதற்குச் சற்று முன்னர் எழுந்த வேறொரு நாட்டத்தைக் குறிப்பது. 1969இல் ‘கிங் கிறிம்சன்’ குழுவினரின் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது, றொக் இசை இளைஞர் ஆடுவதற்கு மட்டும் உரியதன்று, மேலைச் சாஸ்திரிய சங்கீதத்தைப்போல நீண்டும் ஆழ்ந்தும் செல்லவல்லது என்ற எண்ணம் இங்கிலாந்தில் வேரூன்றியது. நாலுக்கு நாலு என்ற நேர்நடையை விட்டு ஐந்தும் ஏழுமாகத் தாளத்தை மாற்றினர். கண்டசாபும் மிச்ரசாபும் பழகிய நம் செவிக்கு இது பெரிய புதுமையன்று. ஆயினும் நாலெண்ணிக்கையிலேயே கால் தட்டிப் பழகிய அந்நாட்டார்க்கு அது தரை நழுவுவது போன்ற அனுபவம்.

நாட்டம் நல்லதே. அதன் மிகையும் விரைவில் வந்து சேர்ந்தது. 1972இல் ‘யெஸ்’ என்னும் குழுவினர் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பும் ஒரே பாட்டை ஆக்கிப் புகழ் பெற்றனர். மறுவருடம் நான்கு பக்கங்களுக்கு நான்கே பாட்டு என்று இரட்டை இசைத்தட்டை வெளியிட்டனர். அக்குழுவின் கீபோட் கலைஞரான றிக் வேக்மனுக்கு அது பிடிக்கவில்லை. மன்செஸ்ரர் நகர மேடையிலே நெடுநேரம் தமக்கு வேலை இல்லாதிருக்க, உதவியாளர் வாங்கி வந்த இந்தியக் கறியையும் சோற்றையும் வாத்தியத்தின் மீது வைத்து உண்டதாக அவரே பின்னாளிற் சொல்லியிருக்கிறார். 1974இல் குழுவை விட்டும் நீங்கினார். பாட்டின் நடுவே பசியாறுவதற்கு நேரமிருந்தால், அந்தப் பாட்டிலே ஏதோ குறை என்றுதான் நாமும் நினைக்கவேண்டியிருக்கிறது. 1976, 1977ஆம் ஆண்டுகளில் ‘பங்க்’ என்ற எளிய முரட்டு இசை எழுந்து, இந்த நீட்டங்களையெல்லாம் பரிகசித்து ஒதுக்கியது.

அதே 1976ஆம் ஆண்டிலேதான் கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த ‘றஷ்’ என்னும் மூவர் குழு ஒரு முடிவை எடுக்க நேர்ந்தது. முந்திய வருடத்து இசைத்தட்டு விற்பனையாகவில்லை. நீண்ட பாட்டுகளை விட்டுவிட்டுச் சிறிய பாட்டுகளை ஆக்குங்கள் என்று நிறுவனத்தார் வற்புறுத்தினர். தோற்பதாயின் நம் வழியிலேயே தோற்போம் என்று துணிந்த மூவரும், இருபது நிமிடம் ஓடும் ‘2112’ என்னும் தொடர்பாட்டை இசைத்தட்டின் முதற் பக்கம் முழுவதும் நிரப்பினர். அது வென்றது.

ஏன் வென்றது என்பதைச் சற்று நின்று பார்த்தல் வேண்டும். பாட்டின் கதை எதிர்காலத்தில் நிகழ்வது. கோயிற் குருமார் ஆளும் உலகம். அங்கே மக்களுக்கு இசை என்பதே தெரியாது. ஒருவன் அருவிக்குப் பின்னாலுள்ள குகையிலே பழைய கிற்றார் ஒன்றைக் கண்டெடுக்கிறான். இந்த இடத்தில் அலெக்ஸ் லைஃப்சன் என்னும் கிற்றார்க் கலைஞர் தமது திறமையை முற்றாக மறைத்துக்கொள்கிறார். தந்தியை ஒவ்வொன்றாகத் தட்டுகிறார். சுருதி சேர்க்கத் தெரியாதவனைப்போல முறுக்காணியைத் திருகுகிறார். பின்னர் ஓர் ஒலி பிறக்கிறது, இரண்டு ஒலிகள் இணைகின்றன, சிறிது சிறிதாக இசை உருவாகிறது. வாத்தியத்தை முதன்முதலாகத் தொடுபவனின் வியப்பை நாம் செவியாற் காண்கிறோம். நன்றாக வாசிக்கத் தெரிந்தவன் வாசிக்கத் தெரியாதவனாக நடிப்பது எளிதன்று. அந்த ஓரிரு நிமிடங்களை வேகமான விரலோட்டங்கள் பலவற்றினும் மேலாக நான் மதிக்கிறேன்.

வானொலி நேயர்களுக்கு இக்குழுவிடம் வேறும் ஒரு தொடர்பு உண்டு. 1980இல் இவர்கள் வெளியிட்ட ‘த ஸ்பிறிற் ஒப் றேடியோ’ என்ற பாட்டின் பெயர், ரொறன்ரோ வட்டாரத்து வானொலி நிலையம் ஒன்றின் விளம்பர வாசகத்திலிருந்து பிறந்தது. வானொலியின் உயிர்ப்பைப் போற்றியும், வணிகம் அதனை விழுங்குவதற்கு வருந்தியும் அமைந்த பாட்டு அது. ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. அடுத்த வருடத்து இசைத்தட்டிலே ‘வை வை ஸெட்’ என்று சொற்களே இல்லாத வாத்தியப் பாட்டு ஒன்று உண்டு. அம்மூன்று எழுத்துகளும் ரொறன்ரோ விமான நிலையத்தின் அடையாளக் குறி. அக்குறியைத் தந்திமுறையிலே நெடிலும் குறிலுமாக அடித்தால் வரும் சந்தமே பாட்டின் தொடக்கத் தாளம். ஐந்தின் நடையில் அது அமைந்துவிடுகிறது. ஊர் ஊராகச் சென்று மீளும் கலைஞருக்கு வீடு நெருங்கிவிட்டது என்று சொல்லும் ஒலி அது. சொல் இல்லை, ஆயினும் அதனைப் பாட்டு என்று சொல்ல நான் தயங்கேன்.

இனி ட்றீம் தியேட்டருக்கு வருவோம். 1985இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து பேர்க்லி இசைக்கல்லூரியிலே மூன்று மாணவர் சந்தித்தனர். கிற்றார் வாசிப்பவர் ஜோன் பெற்றூச்சி. பேஸ் கிற்றார் வாசிப்பவர் ஜோன் மியுங். மேளம் மைக் போட்நோய். மூவரும் நியூயோர்க்கின் லோங் தீவைச் சேர்ந்தவர்கள். றஷ் குழுவின் பாட்டுகளை ஒன்றாக வாசித்துப் பழகியவர்கள். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் சாதகம் செய்வது என்று பெற்றூச்சியும் மியுங்கும் தமக்குள் விதி வகுத்துக்கொண்டிருந்தனர். கல்லூரிப் படிப்பை மூவரும் முடிக்கவில்லை. பெற்றூச்சியின் பாலிய நண்பரான கெவின் மூர் கீபோட் வாசிக்க வந்து சேர்ந்தார். முதலில் ‘மஜெஸ்ரி’ என்று பெயர் வைத்தனர்; அப்பெயரிலே வேறொரு குழு இருந்தமையால் மாற்றவேண்டியதாயிற்று. கலிபோர்னியாவிலே இருந்த ஒரு படமாளிகையின் பெயரைப் போட்நோயின் தந்தை எடுத்துக் கொடுத்தார். அதுவே இன்று வழங்கும் பெயர்.

1989இல் வெளியான முதல் தொகுப்பு பெரிதாக எடுபடவில்லை. பாடகரும் விலகினார். புதிய பாடகரைத் தேடி ஓராண்டுக்கு மேல் அலைந்தனர். இவ்விடைக்காலம் வரலாற்றில் முக்கியமானது. பாடுவதற்கு ஆளில்லை, கைகளோ ஓயவில்லை. ஆகவே 1991இல் ஜேம்ஸ் லாபிறீ என்னும் கனடியர் பாடகராக வந்து சேருமுன்னரே, அடுத்த தொகுப்பின் பெரும்பாலான பாட்டுகள் உருப்பெற்றுவிட்டன. வீட்டைக் கட்டி முடித்தபின் குடியிருப்பவர் வந்ததுபோல, வாத்தியம் முன்னே நிற்கக் குரல் பின்னே வந்தது. பிற்காலத்து வழக்குகளுக்கெல்லாம் வித்து இங்கே இருப்பதாக நான் கருதுகிறேன்.

அந்த ஒலிநாடா என் கைக்கு வந்தது பல்கலைக்கழக விடுதியிலே. நண்பர் ஒருவர் படியெடுத்த நாடாவைக் கொண்டுவந்தார். முதற் பாட்டு உச்சத்திலே ஒலித்துக்கொண்டிருக்கையில் திடீரென நின்றுபோயிற்று. நாடா அறுந்துவிட்டது என்று எண்ணி, வெளியே எடுத்து, பென்சிலைச் செருகிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். அறுபட்ட இடம் எதுவும் இல்லை. பல வருடங்களின் பின்னரே அது வேண்டுமென்று செய்யப்பட்டது என்பதை அறிந்தேன். ஹம்லெற் நாடகத்தின் சாயலிலே, சாவின் நிழலில் நிற்கும் ஒருவனின் கூற்றாகக் கெவின் மூர் எழுதிய பாட்டு அது. சாவு முன்னறிவித்தலின்றி வருவதுபோலப் பாட்டும் அறுந்துவிடுகிறது. இதற்கு விரல் வேகம் சிறிதும் வேண்டியதில்லை. எங்கே நிறுத்துவது என்ற அறிவு வேண்டும்.

அத்தொகுப்பிலே இரண்டும் உண்டு. ‘மெற்றொபொலிஸ்’ என்னும் பாட்டின் நடுப்பகுதியில் வாத்தியங்கள் ஒன்றையொன்று துரத்தி ஓடும் ஓட்டத்தைக் கேட்டுத் தலைசுற்றாதவர் இலர். முதன்முறை கேட்டபோது எனக்கு அது வெறும் இரைச்சலாகவே பட்டது. அதே தொகுப்பிலே ‘வெயிற் ஃபோர் ஸ்லீப்’ என்று மூர் எழுதிய இரண்டரை நிமிடப் பாட்டும் உண்டு. முன்னே நிற்பவை ஒரு பியானோவும் ஒரு குரலுமே. அப்பியானோ மெட்டின் நடையும் நாலில் அடங்குவதன்று. எண்ணிப் பார்த்தால்தான் அது தெரியும். எண்ணாதவனுக்குத் தாலாட்டாகவே கேட்கும். அந்த மெட்டு அடுத்துவரும் நீண்ட பாட்டின் உள்ளே திரும்பவும் தலைகாட்டும்போது, பழகிய முகத்தைக் கூட்டத்திற் கண்டது போன்ற மகிழ்ச்சி உண்டாகிறது.

வேகத்தின் கவர்ச்சி சாதாரணமானதன்று. 1995இல் பெற்றூச்சி வெளியிட்ட கற்பித்தல் ஒளிநாடாவுக்கு ‘றொக் டிசிப்ளின்’ என்று பெயர். விரலைப் பழக்கும் முறைகளை ஒழுங்காக அடுக்கிச் சொல்லும் அது உலகெங்கும் மாணவர் கையிலே உலாவியது. ஆசிரியத் தொழில் செய்பவன் என்ற முறையில் அதன் ஒழுங்கை நான் பாராட்டுவேன். ஆனால் விரலுக்குப் பாடம் எழுதுவது இயலும். மெட்டுக்குப் பாடம் எழுதுவது அவ்வளவு எளிதன்று. அளக்கத்தக்கதையே நாம் கற்பிக்கிறோம், பரிசும் அதற்கே கொடுக்கிறோம். நானும் அதற்கு விலக்கானவன் அல்லன். ஒருமுறை மாணவர் இசைப்போட்டியொன்றில் நடுவராக அமர்ந்திருந்தேன். வயலினிலே மின்னல்போல வாசித்த மாணவனுக்கு முதற் பரிசு வழங்கினேன். மூன்றாம் நாள் காலையிலே குளிக்கும்போது என் வாய் ஒரு மெட்டை முணுமுணுத்தது. அது பரிசு பெறாத ஒரு மாணவி வாசித்த மெட்டு. அப்பிள்ளையின் பெயரும் எனக்கு நினைவில்லை. பட்டியலிலே தேடிப் பார்த்தபோது மூன்று இடங்களுள்ளும் அவள் இல்லை.

1994இல் ‘அவேக்’ என்ற தொகுப்பின் ஒலிப்பதிவு முடிந்து, அது வெளிவருமுன்னரே கெவின் மூர் குழுவை விட்டு விலகினார். நால்வரும் திகைத்தனர். சண்டை எதுவும் இல்லை. அவர் நாட்டம் வேறு திசையிலே சென்றுவிட்டது. 1998இல் அவர் தனியே வெளியிட்ட தொகுப்பின் பெயர் ‘டெட் எயர் ஃபோர் றேடியோஸ்’. ஒலிபரப்பின் இடையே எதுவும் ஒலிக்காமற் போகும் மௌனத்தை வானொலிக்காரர் குறிக்கும் சொல்லைத் தலைப்பிலே கொண்ட அத்தொகுப்பு, பெயருக்கேற்ப அடக்கமும் அமைதியும் உடையது. விரலோட்டம் தேடி அதை வாங்கியவர் ஏமாந்திருப்பர்.

மூர் போனபின் நிறுவனத்தாரின் நெருக்குதல் வந்தது. 1992இன் வெற்றி மீண்டும் வேண்டும். அதற்குச் சிறிய பாட்டுகள் வேண்டும். இரட்டைத் தொகுப்பு வெளியிடக் குழுவினர் விரும்பினர், அனுமதி கிடைக்கவில்லை. ‘மெற்றொபொலிஸ்’ பாட்டின் தொடர்ச்சியாக ஆக்கிவைத்த இருபது நிமிட ஆக்கம் ஒதுக்கிவைக்கப்பட்டது. பொன் ஜோவி முதலியோருக்குப் பெருவெற்றிப் பாட்டுகளை ஆக்குவதிலே துணைநின்ற டெஸ்மண்ட் சைல்ட் என்பவரோடு சேர்ந்து, பெற்றூச்சி ஒரு பாட்டைத் திருத்தி அமைத்தார். ‘நீயா நானா’ என்றிருந்த பாட்டு ‘நீ, நான் அல்லன்’ என்று ஆயிற்று. 1997இல் ‘ஃபோலிங் இன்ரு இன்ஃபினிற்றி’ என்ற பெயரிலே தொகுப்பு வெளிவந்தது. நிறுவனம் காத்திருந்த வானொலி வெற்றி வரவில்லை. விலகிவிடலாமா என்று போட்நோய் எண்ணியது இக்காலத்திலேதான்.

நிறுவனத்தாரின் பிழை எங்கே என்று கேட்டால், பாட்டு என்பதைச் சுருக்கம் என்று அவர் மயங்கினர் என்பேன். நான்கு நிமிடத்துக்குள் ஒன்றுமே சொல்லாமலிருத்தல் முற்றிலும் இயலக்கூடியது. அவர்களுக்கு வாய்த்த ஒரே வெற்றியும் எட்டு நிமிடப் பாட்டல்லவா? அத்தொகுப்பிலேயே ‘ஹொலோ இயர்ஸ்’ என்ற மென்மையான பாட்டொன்று உண்டு. வெளியாள் உதவியின்றிப் பெற்றூச்சி எழுதியது. அது இன்றும் நன்றாகவே இருக்கிறது.

1998இல் போட்நோயும் பெற்றூச்சியும், ஒன்பது வயதிலேயே நியூயோர்க்கின் ஜூலியாட் பள்ளியிற் சேர்ந்து பியானோ பயின்ற ஜோர்டன் றூடெஸ் என்பவரோடும், கிங் கிறிம்சனின் ரோனி லெவினோடும் கூடிப் பாடகரே இல்லாத தொகுப்பொன்றை ஆக்கினர். அதிலே ‘மூன்று நிமிட முன்னறிவித்தல்’ என்ற பெயருடைய வாத்திய விளையாட்டு இருபத்தெட்டு நிமிடம் ஓடுகிறது! வித்தை காட்டும் ஆசையை அங்கே கொட்டித் தீர்த்தார்கள் போலும். மறுவருடம் றூடெஸ் குழுவிலே சேர்ந்தார். நிறுவனத்தாரும் தலையிடாமல் ஒதுங்கினர். ஒதுக்கிவைத்த இருபது நிமிட ஆக்கம் வெளியே வந்தது.

1999 ஒக்ரோபரில் வெளியான ‘சீன்ஸ் ஃபுறொம் எ மெமறி’ ஒரே கதையைச் சொல்லும் முழுத்தொகுப்பு. நிக்கலஸ் என்பவன் அறிதுயிலில் ஆழ்ந்து, 1928இல் கொலையுண்ட விக்ரோறியா என்ற பெண்ணின் வாழ்வைக் காண்கிறான். முற்பிறப்பிலே தானே அப்பெண் என்று உணர்கிறான். முற்பிறப்புக் கதை நமக்குப் புதிதன்று. அமெரிக்க வல்லிசையிலே அது புதிது. இதன் நடுவே ‘த டான்ஸ் ஒப் இற்றேர்னிற்றி’ என்ற வாத்திய ஆக்கம் வருகிறது. ஏறத்தாழ ஆறு நிமிடத்தில் நூறு தடவைக்கு மேல் தாளம் மாறுகிறது. இடையே பழங்காலத்து மதுச்சாலைப் பியானோ ஒன்று குறும்பாக எட்டிப் பார்க்கிறது. அது முடிந்து ஒரு பாட்டுக் கழிந்ததும், ‘த ஸ்பிறிற் கறீஸ் ஒன்’ தொடங்குகிறது. மெதுவான நடை, சிறுபிள்ளையும் பாடத்தக்க மெட்டு, சாவுக்கு இனி அஞ்சேன் என்ற எண்ணம். பெருங்கூட்டங்கள் சேர்ந்து பாடுவது இந்தப் பாட்டையே.

இரண்டாவது பாட்டின் பொருட்டே முதலாவதைப் பொறுத்துக்கொள்கிறோம் என்று ஒரு காலத்திலே சொல்லித் திரிந்தேன். இப்போது அவ்வாறு சொல்வதில்லை. இறுவட்டிலே அந்த ஆறு நிமிடத்தைத் தாண்டிவிட்டு இரண்டாவதை மட்டும் கேட்டுப் பார்த்தேன். அழகாகவே இருந்தது, ஆனால் அந்த ஆறுதல் வரவில்லை. நூறு முறை தரை நழுவியவனுக்கே நிலத்தில் கால் ஊன்றுவது ஆறுதலாகிறது. கதைக்குள் இடம் கிடைத்தபோது, இரைச்சல் என்று நான் தள்ளிய அதே திறமை பாட்டின் உறுப்பாயிற்று. எல்லாத் தொகுப்புகளிலும் இப்படி வாய்த்தது என்று சொல்லமாட்டேன். பிற்காலத்தன பலவற்றிலே பெற்றூச்சியும் றூடெஸும் ஒரே ஓட்டத்தை ஒருங்கே ஓடிக் காட்டும் இடங்கள், வந்த விருந்தாளி எழுந்து போகாமல் இருப்பதுபோல நீண்டுவிடுகின்றன.

பிற நாட்டாரும் இவ்வழக்கைத் தத்தம் வழியிலே தீர்க்க முயன்றனர். சுவீடனைச் சேர்ந்த ‘ஓபெத்’ குழுவினர் ஒரே காலத்திலே இரு தொகுப்புகளைப் பதிவு செய்தனர். 2002இல் வந்தது கடுமையானது. 2003இல் வந்த ‘டாம்னேஷன்’ உறுமலும் கர்ச்சனையும் அறவே நீங்கிய மெல்லிசை. திறமையும் பாட்டும் ஒரே கூரையின் கீழ் ஒத்து வாழாவிட்டால் இரண்டு வீடு கட்டிவிடலாம் என்று அவர்கள் எண்ணினார்கள் போலும்.

ட்றீம் தியேட்டரின் பிற்கதை நீண்டது. 2010இல் போட்நோய் விலகினார். மைக் மஞ்சினி அவ்விடத்துக்கு வந்தார். 2022இல் ‘த ஏலியன்’ என்ற பாட்டுக்குக் கிறாமி விருது கிடைத்தது. 2023இல் போட்நோய் திரும்பி வந்தார். 2025இல் அவரோடு புதிய தொகுப்பும் வந்தது. இவற்றையெல்லாம் விரிக்க இங்கே நேரமில்லை. ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

1994ஆம் ஆண்டுத் தொகுப்பின் இறுதிப் பாட்டு ‘ஸ்பேஸ்-டை வெஸ்ற்’. விலகிச் சென்ற கெவின் மூர் விட்டுப்போனது. தனிமையிலே ஒருவன் தன்னோடு பேசிக்கொள்வது போன்ற பியானோ; தாழ்ந்த குரல். உலகத்து வேகக் கைகளுள் ஒன்றான பெற்றூச்சிக்கு அதிலே செய்ய அதிகம் எதுவும் இல்லை. அது மூருடைய பாட்டு என்ற எண்ணத்தால் குழுவினர் அதனை மேடையிலே வாசிக்காமல் இருந்தனர். கேட்டுக் கேட்டு இரசிகர் சலித்துப் போயினர். இருபது ஆண்டுகள் கழிந்தன. 2014இலே, அத்தொகுப்பின் இருபதாம் ஆண்டையும் நினைவுகூர்ந்த இசைப்பயணத்தில், விளக்குகள் தணிந்த ஒரு மேடையிலே றூடெஸ் அந்தப் பியானோ மெட்டைத் தொடங்கினார்.